சமயபாடத்தை நீக்கினால் வகுப்பறை ஒன்றாகிவிடுமா?

இலங்கைப் பாடசாலைகளில் சமயம் ஒரு பரீட்சைப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது என்பதை அறிந்து வியந்த தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், அந்தப் பாடத்தை நீக்கிவிட்டால் எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கிவிடுவார்களே, 1960இல் அரசு பாடசாலைகளைக் கையேற்றபோதே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பிள்ளைகளைப் பிரித்து வைத்திருப்பது சமயபாடம்தானா என்பது ஒன்று. ஒரே கூரையின் கீழ் இருத்திவிட்டால் சமூகங்களுக்கிடையிலான பகை குறைந்துவிடுமா என்பது மற்றது. கிழக்கு மாகாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகவும், பின்னர் ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகவும் சென்று வந்தவன் என்ற முறையில், முதற் கேள்விக்கு இல்லை என்று ஓரளவு உறுதியாகவே பதில் சொல்வேன். இரண்டாவதற்கு அவ்வளவு உறுதியாகப் பேச எனக்குத் துணிவில்லை.

முதலில் இன்றைய நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 முதல் தரம் 11 வரை சமயம் கட்டாய பாடம். பிள்ளை தன் பெற்றோரின் சமயத்தையே படிக்கும். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பாடநூல்களை அரசே அச்சிட்டு இலவசமாக வழங்குகிறது. தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் கணிதம், விஞ்ஞானம் போலவே சமயமும் கட்டாயமானது. முழுமையாக அரச நிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது உறுப்புரை விதித்திருக்கும் இந்தியாவிலிருந்து பார்க்கும்போது இது விநோதமாகத் தோன்றுவது இயல்பே. இலங்கையின் அரசியலமைப்போ 9ஆவது உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தைக் கொடுத்து, அடுத்த உறுப்புரையிலேயே மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் எல்லோருக்கும் உறுதிசெய்கிறது. சனத்தொகையில் சுமார் 70 வீதமானோர் பௌத்தர்கள். அந்த நிலையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சமயத்தைக் கற்பிப்பது என்ற ஏற்பாடு சிறுபான்மைச் சமயத்தவருக்குப் பாதுகாப்பாகவே விளங்கி வந்திருக்கிறது. பொதுவான சமயபாடம் ஒன்று வருமானால் அதை எழுதப்போவது யார் என்ற ஐயம் இங்கே எவருக்கும் எளிதில் நீங்காது.

இந்தப் பாடந்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறது என்றால், சமயபாட வேளைக்கு மணி அடித்ததும் எல்லா வகுப்பறைகளிலும் பிள்ளைகள் எழுந்து வெவ்வேறு திசைகளில் போகவேண்டும். ஆனால் நான் சென்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் எவரும் எழுந்து போவதில்லை. எழுந்து போக வேண்டிய தேவையே அங்கில்லை, ஏனெனில் வகுப்பில் இருக்கும் எல்லோரும் ஏற்கெனவே ஒரே சமயத்தவர், அல்லது ஓரிருவர் மட்டுமே வேறு. பிரிவு நேரசூசியில், அதாவது பாடவேளை அட்டவணையில், நிகழவில்லை. அது தரம் 1 அனுமதி விண்ணப்பத்திலேயே முடிந்துவிட்டது. சிங்களமொழிமூலம், தமிழ்மொழிமூலம் என்று பாடசாலைகள் முதலில் பிரிகின்றன. பிறகு தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று மீண்டும் பிரிகின்றன. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை கரையோரமாகப் பயணம் செய்தால் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். ஒற்றுமையைக் குறிக்கவே அதைச் சொல்கிறார்கள் என்றாலும், குழலுக்குள் மாவும் பூவும் அடுக்கடுக்காகத்தான் இருக்கின்றன என்பதைப் பாடசாலைகளைப் பார்த்தவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

இந்த அடுக்கு எப்படி வந்தது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியையும் அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். வெஸ்லியன், அங்கிலிக்கன், கத்தோலிக்கச் சபைகளின் பாடசாலைகளும் பெருகின. ஆட்சியாளரின் மொழியும் உத்தியோகமும் அந்த வாசல்கள் வழியாகத்தான் கிடைத்தன. ஆகவே சைவப் பிள்ளைகள் அங்கே போனார்கள், பைபிளும் படித்தார்கள். அப்படிப் போனவர்களுள் ஒருவரே ஆறுமுக நாவலர். வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் தமிழாக்கத்தில் துணைநின்றவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மதமாற்றத்தை எதிர்த்த அவர், மிஷன் பாடசாலையின் வகுப்புமுறையையும், அச்சிட்ட படிமுறைப் பாடநூலையும், சமயத்தை வினாவிடையாகக் கற்பிக்கும் முறையையும் தயங்காமல் எடுத்துக்கொண்டார். இலங்கையில் சமயம் ஒரு பாடமாக, அதாவது மனனம் செய்து ஒப்புவித்துப் புள்ளி வாங்கக்கூடிய ஒன்றாக, உருவெடுத்தது இந்தப் போட்டியில்தான் என்பது என் கருத்து. இதை ஒரு வாசிப்பு என்ற அளவில் மட்டுமே முன்வைக்கிறேன்.

தெற்கிலும் இதே கதைதான். 1880இல் அமெரிக்கரான ஒல்கொட் வந்த பிறகு பௌத்த பிரம்மஞான சங்கம் பாடசாலைகளைத் திறக்க, 1886இல் கொழும்பில் ஆனந்தா கல்லூரிக்கு வித்திடப்பட்டது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது. முஸ்லிம்களிடையே சித்திலெப்பை முன்னின்று உழைத்ததன் பயனாக 1892இல் பின்னாளைய ஸாஹிரா கல்லூரி கொழும்பில் தோன்றியது. அரசு நன்கொடை பெறும் ஒரு பாடசாலைக்கு அருகே இன்னொரு பாடசாலை நன்கொடை பெறமுடியாது என்ற தூர விதி முன்பே வந்துவிட்ட மிஷன்களுக்குச் சாதகமாக இருந்தது. அதை எதிர்த்த ஒவ்வொரு போராட்டமும் பாடசாலை என்பது ஒரு சமயத்தாரின் உடைமை என்ற எண்ணத்தை மேலும் இறுக்கியது. ஆக, இங்கே பாடசாலைக்குள் சமயம் பின்னால் நுழைந்ததாகச் சொல்லமுடியாது. பாடசாலையே சமயத்தின் கையால் கட்டப்பட்டது.

இருந்தும் ஒரு முரணைச் சொல்லவேண்டும். சமயப் பெயர் தாங்கிய அந்தப் பழைய பாடசாலைகளின் வகுப்பறைகள், இன்றைய அரசாங்கப் பாடசாலைகள் பலவற்றைவிடக் கலப்பானவையாக இருந்தன. காரைதீவில் பிறந்து, பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் துறவியாகிய சுவாமி விபுலாநந்தர் படித்தது மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும். ஆசிரியராகப் பணிபுரிந்த இடங்களுள் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியும் ஒன்று. ஒரு தலைமுறை கழித்து, மிஷன் பாடசாலைகளை அரசுடைமையாக்கிய ஆட்சியின் தலைவியான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு கத்தோலிக்கக் கன்னியர்மடப் பாடசாலையில் படித்த பௌத்தரே. ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருந்ததால் சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியரும் ஒரே வாங்கில் (பெஞ்சில்) இருக்க முடிந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக நினைத்து ஏங்குபவர்களைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிறையச் சந்திக்கலாம். அந்த வாங்கு கட்டணம் செலுத்தக்கூடிய சிறு தொகையினருக்கு உரியது என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கிராமத்துப் பிள்ளை தாய்மொழிப் பாடசாலையில், பெரும்பாலும் தன் சமயத்தாரோடு மட்டுமே படித்தது; படிக்கவே போகாத பிள்ளைகளும் ஏராளம். யாழ்ப்பாணத்தில் சாதியும் குறுக்கே நின்றது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களோடு சமமாக ஆசனம் தரவேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது எழுந்த எதிர்ப்பில் பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரே சமயத்தவராக இருந்தும் ஒரே வாங்கில் இருக்கச் சம்மதிக்காத ஒரு சமூகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி 1960. ஸி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதே காலத்தில் தொடக்கநிலையிலும், பின்னர் 1950களில் படிப்படியாக இடைநிலையிலும், தாய்மொழி பயிற்றுமொழியாயிற்று. இது நியாயமான, காலம் கடந்து வந்த மாற்றம்; ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அந்தக் கதவு திறந்தபோதே வகுப்பறைக்கு நடுவே ஒரு சுவரும் எழுந்தது. மொழி பிரிந்ததும் சிங்கள பௌத்தரும் தமிழ்ச் சைவரும் சந்திக்கும் பாடவேளை இல்லாமற் போயிற்று. கிறிஸ்தவர்கள் மட்டுமே இரு மொழிகளிலும் இருந்தார்கள். ஆகையால் அவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். முஸ்லிம்களுக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்பவற்றுள் விரும்பியதைத் தெரிவுசெய்யும் வாய்ப்புத் தரப்பட்டது. இந்தப் பின்னணியில்தான் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். அரச நிதியுதவி பெற்றுச் சமய அமைப்புகள் நடத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பாடசாலைக் கட்டடங்களுக்குள் இரவுபகலாகத் தங்கி எதிர்ப்புக் காட்டினர். கிறிஸ்தவ சபைகளின் பாடசாலைகள் மட்டுமே பறிக்கப்பட்டன என்று பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று. யாழ்ப்பாணத்துச் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும், கிழக்கில் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளும், பௌத்த பிரம்மஞான சங்கத்தின் பாடசாலைகளும் அவ்வாறே கையேற்கப்பட்டன. கட்டணம் அறவிடாமலே தனியாக இயங்க முடிவுசெய்த சில பெரிய கல்லூரிகள் மட்டும் வெளியே நின்றன.

அரசுடைமையாக்கம் மாற்றியது உரிமையாளரை. பிள்ளைகளின் சேர்க்கையை அது மாற்றவில்லை, சில இடங்களில் இருந்த கலப்பையும் குறைத்தது. இதற்கான காரணங்கள் கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்களிலேயே இருக்கின்றன. அந்தச் சட்டங்களின் கீழ் கையேற்கப்பட்ட பாடசாலைகளில் தரம் 1க்கு அனுமதிக்கும்போது, கையேற்ற காலத்தில் எந்தெந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அந்த விகிதம் கவனிக்கப்படவேண்டும் என்பது விதி. கத்தோலிக்கரின் அச்சத்தைத் தணிக்க வந்த ஏற்பாடு இது, நியாயமும் உண்டு. ஆனால் 1960ஆம் ஆண்டின் சமயக் கணக்கு அறுபது ஆண்டுகளாக அப்படியே கையளிக்கப்பட்டு வருகிறது. அதற்கு மேலாக, அனுமதியில் ஏறக்குறைய அரைப்பங்கு அயலில் வசிப்போருக்கும், 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் என்று பல ஆண்டுகளாக ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஊர்களே சமயவாரியாக இருக்கும் நாட்டில் அயலவருக்கு முன்னுரிமை என்றால் அதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், எந்த ஒரு அதிபரும் சமயத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை மறுத்ததை நான் கண்டதில்லை. மறுக்க வேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்பட்டதில்லை, ஏனெனில் விண்ணப்பமே வருவதில்லை.

முஸ்லிம் பாடசாலைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். தமிழ்மொழிமூலத்தில் படிப்பவர்கள் ஏன் தமிழ்ப் பாடசாலையில் படிக்கவில்லை என்று தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்கள் மிகுதி. தனிப் பாடசாலைகளால் கிடைத்த நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும்: நோன்பு மாதத்தில் விடுமுறை வரும் தனித் தவணை அட்டவணை, மௌலவி ஆசிரியர் நியமனம், பெண்பிள்ளைகளைப் பயமின்றி உயர்தரம் (தரம் 12, 13) வரை அனுப்பக்கூடிய சூழல், முஸ்லிம் ஆசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும் பதவிகள். இவை இல்லாதிருந்தால் கிழக்கில் முஸ்லிம் பெண்களின் கல்வி இன்றைய நிலைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. பிறகு போர் வந்தது. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கிலும் அந்த ஆண்டு இரு தரப்பிலும் இரத்தம் சிந்திற்று. அதன்பின் ஒரு முஸ்லிம் தந்தையிடமோ ஒரு தமிழ்த் தந்தையிடமோ பிள்ளையை அடுத்த ஊர்ப் பாடசாலைக்கு அனுப்புங்கள் என்று சொல்லும் தகுதி எங்களைப் போன்ற அதிகாரிகளுக்கு இருக்கவில்லை. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 2018இல், திருகோணமலையின் இந்து மகளிர் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது பெரும் பிணக்காகியபோது, அது உடையைப் பற்றிய சண்டையாகப் பேசப்பட்டது. இந்தப் பாடசாலை யாருடையது என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேள்வியே அதற்குள் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

சமயபாடம் தீங்கே செய்யவில்லை என்று இதனால் ஆகிவிடாது. அது செய்யும் தீங்கு கேள்வி கேட்டவர் நினைத்த இடத்தில் இல்லை. ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகளுள் மூவர் வேறு சமயத்தவராக இருக்கும்போது, அந்த மூவருக்கும் ஆசிரியர் கிடைப்பதில்லை. ஒரு ஆசிரியரை நியமிக்க அந்த எண்ணிக்கை போதாது. மணி அடித்ததும் அவர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்திலோ மர நிழலிலோ போய் இருப்பார்கள். பரீட்சைக்குத் தாங்களாகவே படிப்பார்கள், அல்லது தங்கள் கோயிலிலோ தேவாலயத்திலோ ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போவார்கள். சில வேளைகளில் வகுப்பிலேயே இருந்து பெரும்பான்மைச் சமயத்தைக் கேட்டுக்கொண்டிருந்து, அதிலேயே பரீட்சை எழுதி நல்ல சித்தியும் பெறுவார்கள். ஒரு மலையகச் சைவச் சிறுமி பௌத்தபாடத்தில் மிக உயர்ந்த புள்ளி பெற்றாள் என்று ஓர் ஆசிரியர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். பெருமைப்படுவதா வருந்துவதா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்குத் தெரிவு இருந்ததா என்று அவர் கேட்டிருக்கவில்லை. அடுத்த சமயத்தைப் பற்றி ஒரு பந்தியேனும் எல்லோரும் படிப்பதற்கான இடம் குடியியல் பாடத்திலும் வரலாற்றிலும் சிறிதளவே இருக்கிறது. ஆகவே பதினொரு ஆண்டுகள் சமயம் படித்து வெளியேறும் ஒரு பிள்ளை, அயல் ஊர்ப் பிள்ளை ஏன் நோன்பு நோற்கிறது, ஏன் காவடி எடுக்கிறது என்று அறியாமலே வெளியேற முடிகிறது. பாடத்தை நீக்கினால் இந்த அறியாமை நீங்காது. சைவ அறநெறிப் பாடசாலைகளும் தஹம் பாசல் எனப்படும் பௌத்த ஞாயிறு பாடசாலைகளும் மத்ரஸாக்களும் அந்த வேலையைத் தாமே எடுத்துக்கொள்ளும், அரசின் பாடநூலுக்கு இருக்கும் குறைந்தபட்சக் கண்காணிப்பும் இல்லாமற் போகும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒன்றாகப் படித்தால் பகை குறையுமா? 1954இல் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஒல்போர்ட் முன்வைத்த கருத்தையே இத்துறையில் பலரும் அடியொற்றுகிறார்கள்: வெறும் சந்திப்புப் போதாது, சந்திப்போர் சமநிலையில் இருக்கவேண்டும், ஒரு பொது இலக்குக்காக ஒத்துழைக்கவேண்டும், அதிகாரத்தில் உள்ளோர் அதை ஆதரிக்கவேண்டும். முப்பத்தைந்தில் மூவராக இருக்கும் பிள்ளைகளுக்குச் சமநிலை எங்கே வரும் என்பதே எனக்குள்ள தயக்கம். வட அயர்லாந்தை எடுத்துக்காட்டாகக் காட்டுவோர் உண்டு. அங்கே கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பெற்றோர் சேர்ந்து 1981இல் பெல்பாஸ்டில் 28 மாணவர்களோடு லாகன் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அத்தகைய ஒருங்கிணைந்த பாடசாலைகளில் படிப்போர் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. அங்கே இரு தரப்பும் வீட்டில் பேசுவது ஆங்கிலமே. எங்களுக்கோ மனம் இருந்தாலும் பாடம் நடத்த ஒரு பொது மொழி இல்லை. கலப்புப் பாடசாலையில் படித்தவர்கள் பிற்காலத்தில் கலவரத்தில் இறங்கவில்லையா என்றால், இறங்கியவர்களும் உண்டு, அயலவரைத் தம் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றியவர்களும் உண்டு. கலந்து படித்த பழைய தலைமுறையின் கண்முன்னேதான் 1958, 1983ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்கள் நடந்தன. பாடசாலையின் பங்கை மட்டும் இதிலிருந்து பிரித்தெடுத்து அளக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

நான் கண்ட அளவில், ஓரளவேனும் பிள்ளைகளைச் சேர்த்து இருத்தியது எவரும் அந்த நோக்கத்தோடு கொண்டுவராத ஒன்று. 2001, 2002ஆம் ஆண்டுகளில் அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் ஆங்கிலமொழிமூல வகுப்புகள் மீண்டும் வந்தபோது, இரு மொழிப் பிரிவுகளும் உள்ள பாடசாலைகளில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே விஞ்ஞான வகுப்பில் அமர்ந்தார்கள். பழைய மிஷன் வாங்கு போலவே இதுவும் வசதியுள்ளோர் பக்கம் சாய்கிறது என்பதால் இதைத் தீர்வாகச் சொல்ல மனம் வரவில்லை. நல்லிணக்கத்தின் பேரில் நடக்கும் ஒரு நாள் பரிமாற்ற நிகழ்ச்சிகளையோ என்னால் மதிக்க முடிந்ததில்லை. இரண்டு பேருந்துகள் வரும், பிள்ளைகள் பண்பாட்டு உடையில் ஆடுவார்கள், படம் எடுப்பார்கள், மாலையில் பேருந்துகள் திரும்பிவிடும், பெயர் கேட்டறிந்த நண்பரோடு மறுபடி பேச அவர்களுக்கு மொழி இருக்காது. தரம் 6 முதல் 9 வரை இரண்டாம் மொழியாகச் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் ஏட்டில் இருக்கின்றன. அந்தப் பாடவேளைக்குத் தகுதியுள்ள ஆசிரியரை அனுப்புவதற்கே பணிக்காலத்தின் பெரும்பகுதியை நான் செலவிட்டேன். சமயபாடத்தை நீக்கும் துணிவுள்ள ஓர் அரசு வருமானால், அந்தத் துணிவை முதலில் இந்த வெற்றிடங்களை நிரப்புவதில் காட்டட்டும் என்பேன். தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்கு இடையில் அந்த மொழித் தடையும் இல்லை. அங்கே உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் போதாத ஒரு தமிழ்ப் பாடசாலையும் ஒரு முஸ்லிம் பாடசாலையும் பௌதிகவியல் வகுப்பைச் சேர்த்து நடத்த முடியும். நான் அறிந்த இரண்டு ஊர்களில் பெற்றோரே அதிபர்களிடம் இதைக் கேட்டார்கள். ஓர் ஊரில் இரண்டு ஆண்டுகள் நடந்தது. மற்ற ஊரில் தவணை அட்டவணைகள் ஒத்துப்போகவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது.